கடைசிப் படம் முதலில்

"அக்கா, மொதல்ல கடைசிப் படம்" என்றாள் கதவைத் திறந்த பெண். அவள் என்னிடம் பேசிய முதல் வாக்கியமே அதுதான். தோளில் கிடந்த பையைக்கூட நான் இன்னும் இறக்கவில்லை.

வடக்குப்பட்டில் என்னையும் சேர்த்து எட்டுப் பெண்கள் தங்கியிருந்த வாடகை வீடு அது. எட்டுப் பேருக்கும் ஒரகடத்தில் ஒரே கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. காலை ஏ, மாலை பி, இரவு சி என்று மூன்று ஷிப்டு ஓடும் என்பதால் ஒருத்தி பல் விளக்கும்போது இன்னொருத்தி பாய் விரிப்பாள். எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டது பொங்கலன்று மட்டும்தான். ஆனால் எல்லோரும் ஒரே கதையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்காரர் புது டிவி வாங்கியபோது பழையதை எங்கள் தலையில் கட்டியிருந்தார். அதில்தான்.

அந்த ஜப்பான் அனிமேஷன் தொடரின் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. மஞ்சக்கோட்டு என்று வைத்துக்கொண்டோம். மஞ்சள் மழைக்கோட்டு போட்ட ஒரு பெண். மூச்சை அடக்கிக்கொண்டிருக்கும் வரை எதையும் அப்படியே நிறுத்தி வைப்பாள். ஓடும் ரயில், சரியும் கட்டடம், பாய்ந்து வரும் வெள்ளம் எல்லாம் அவள் மூச்சு விடும் வரை காத்திருக்கும். அவளுக்கு ஓர் அண்ணன். அவனுக்கு எந்தச் சக்தியும் கிடையாது, சமைக்கவும் தெரியாது, ஆனால் சமைப்பான். ஆறு சீசன், நான்கு சினிமா, நடுவில் எதிலும் சேராத இரண்டு தனிக்கதைகள், பழையதையே திரும்பக் காட்டும் ‘இதுவரை நடந்தது’ எபிசோடுகள் வேறு. எதற்குப் பிறகு எதைப் பார்ப்பது என்று நெட்டில் ஆளுக்கொரு பட்டியல் போட்டு அடித்துக்கொள்கிறார்கள். எங்கள் வீட்டில் அந்தச் சண்டையே கிடையாது. அவள் சொன்னதுதான் வரிசை.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது, அவளுக்கு இருபத்துமூன்று. என் தோள் உயரம்தான் இருப்பாள். போளூர்ப் பக்கத்துப் பெண். எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னிய சடையும் அவளுமாக, பார்த்தால் பத்தாவது பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி இருப்பாள். இந்தப் பொடிசு எனக்கு வரிசை சொல்வதா என்று எனக்குக் கடுப்பாக இருந்தது.

"கார்ட்டூன் பாக்குற வயசா எனக்கு?" என்றேன்.

"கார்ட்டூன்னு சொல்லாதக்கா. அப்புறம் நீ கேட்டாலும் காட்ட மாட்டேன்."

கடைசிப் படத்தைப் போட்டாள். சுரங்கப்பாதைக்குள் வெள்ளம் வருகிறது. மஞ்சக்கோட்டு மூச்சடக்கி நிற்கிறாள். உள்ளே மாட்டிக்கொண்டவர்களை அண்ணன் ஒவ்வொருவராகத் தூக்கி வெளியே விடுகிறான். கடைசி ஆளை விட்டுவிட்டுத் திரும்பும்போது தங்கைக்கு மூச்சு முட்டிவிடுகிறது. அண்ணன் செத்துப்போகிறான். எனக்கு அழுகை வரவில்லை. யாரென்றே தெரியாத ஒருத்தன் செத்தால் எனக்கென்ன? மறுநாள் முதல் சீசன் போட்டாள். அதே அண்ணன் உயிரோடு வந்து, அபஸ்வரமாகப் பாடிக்கொண்டு நூடுல்ஸைக் கருக விடுகிறான். ஐந்தாவது எபிசோடில் நான் அழுதுவிட்டேன். நூடுல்ஸ் கருகியதற்கு அழுத ஒரே ஆள் நான்தான் என்று எங்களோடு இருந்த திண்டிவனத்து ஸ்டெல்லா இன்றும் சொல்லிக் காட்டுவாள்.

உதிரிபாகம் வந்த அட்டைப்பெட்டியின் மூடியைக் கிழித்து, மார்க்கரால் கட்டம் போட்டுச் சுவரில் தொங்கவிட்டிருந்தாள். மேலே எட்டுப் பெயர்கள், பக்கவாட்டில் அவள் வகுத்த வரிசை. பார்த்து முடித்தால் டிக் போட வேண்டும். ஷிப்டு வேறு வேறு என்பதால் எட்டுப் பேரும் எட்டு இடத்தில் இருப்போம். அவளுக்கு அந்த அட்டையே தேவையில்லை. உப்புமா கிண்டிக்கொண்டே, "நீ தண்ணி டேங்கு ஒடையறதுல கீற. இவ இன்னும் அங்க வரல. நீ வாய மூடிக்கோ" என்பாள். பின்தங்கியவள் வீட்டில் இருக்கும்போது முன்னால் போனவள் பார்த்தால், பின்தங்கியவள் காதில் ஹெட்செட் மாட்டிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து பூண்டு உரிக்க வேண்டும். வேலைக்குப் போய்வந்த பெரிய மனுஷிகள் நாங்கள், அவள் சொன்னாள் என்று சுவரைப் பார்த்துப் பூண்டு உரித்தோம்.

‘இதுவரை நடந்தது’ எபிசோடை எல்லோரும் தாண்டிவிடுவார்கள். அவள் விடமாட்டாள். "ரெண்டு வாரம் சி ஷிப்டு பாத்தவளுக்கு அவ பேரே மறந்துடும். கதை மட்டும் நெனப்புல இருக்குமா?" என்பாள். எல்லோரும் கடற்கரையில் தர்பூசணி தின்பதைத் தவிர ஒன்றுமே நடக்காத எபிசோடு ஒன்று உண்டு. அதைப் பெரிய சண்டை முடிந்த அடுத்த கட்டத்தில் வைத்திருந்தாள். அந்தச் சண்டையைப் பார்த்து முடித்து, அடுத்த சண்டையை உடனே போடச் சொல்லி நான் கெஞ்சியபோது, "ஒரு சண்டை முடிஞ்ச ஒடனே இன்னொன்னா? மனுசியா நீ? போய்த் துணி தொவச்சிட்டு வா. தர்பூசணி போடறேன்" என்றாள். துவைத்துவிட்டு வந்து பார்த்தேன். அவர்கள் சும்மா உட்கார்ந்து தின்றது அத்தனை சுகமாக இருந்தது.

ஒருமுறை ஸ்டெல்லா கம்பெனி பஸ்ஸில் போனில் இரண்டு எபிசோடு முன்னால் போய்ப் பார்த்துவிட்டாள். வந்தவள் செருப்பைக் கழற்றும் முன்னே, "அந்த டாக்டரம்மாதான்டி முகமூடி வில்லன்!" என்று கத்திவிட்டாள். சோறு பிசைந்துகொண்டிருந்த போளூர்க்காரி கையை உதறிவிட்டு எழுந்தாள்.

"நீ பாத்தத உன்கிட்டேர்ந்து யாரும் புடுங்கல. இவங்களுக்கு அந்த எபிசோட இனிமே யாரு திருப்பித் தருவா, சொல்லு?"

அப்புறம் வேலையிடத்திலிருந்து கொண்டுவந்த வெற்று ஸ்டிக்கர்களை எடுத்து, ஸ்டெல்லாவின் டிக் ஒவ்வொன்றின் மேலும் நிதானமாக ஒட்டினாள். முதலிலிருந்து பார்க்க வேண்டும் என்று அர்த்தம். ஸ்டெல்லா சூப்பர்வைசரிடமே எதிர்த்துப் பேசுகிறவள். என்ன நடக்கப் போகிறதோ என்று பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. ஸ்டெல்லா போய்க் கடைசிப் படத்தைப் போட்டாள்.

கம்பெனியிலும் எங்களுக்கு வரிசைதான் பிழைப்பு. சீக்வென்ஸ் என்று பெயர். லைனில் கார்கள் ஒரே மாதிரி வராது. வெள்ளை, வெள்ளை, சிவப்பு, மறுபடி வெள்ளை என்று கலந்து வரும். எந்தக் கார் எத்தனாவதாக வருகிறதோ அதற்கான கதவு உள்பலகையை அதே வரிசையில் டிராலியின் பன்னிரண்டு தட்டுகளில் அடுக்கித் தள்ள வேண்டும். லைனில் நிற்பவர் யோசிக்க மாட்டார், எடுத்து மாட்டிவிடுவார். நான் சேர்ந்த மூன்றாவது வாரம், பெயிண்ட் சரியில்லை என்று ஒரு காரை லைனிலிருந்து வெளியே இழுத்துவிட்டார்கள். ஆனால் அதன் இடம் லைனில் காலியாகவே ஓடும். அந்தத் தட்டும் காலியாகப் போக வேண்டும். நடுவில் பல்லு போன மாதிரி ஒரு தட்டு இருக்கிறதே என்று நான் அடுத்ததை அதில் வைத்து, அதற்கடுத்ததை அதற்கடுத்து என்று அழகாக நிரப்பி, கடைசித் தட்டை மட்டும் காலியாக விட்டு அனுப்பப் போனேன். வெள்ளைக் காருக்கெல்லாம் சிவப்புக் காருக்கான, சிவப்புத் தையல் போட்ட பலகை. சூப்பர்வைசர் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"எல்லாத்தையும் எறக்குங்கம்மா! லைன் நிக்கப்போவுது!"

"எறக்காதீங்க சார்" என்று அவள் வந்தாள். ஒரு பலகையையும் தொடவில்லை. கையிலிருந்த சீட்டை மேலிருந்து கீழே ஒரே பார்வை பார்த்தாள். "அஞ்சாவதுதான் தப்பு. மத்ததுங்க அது பின்னாடி வந்ததுங்க, அதுங்க மேல தப்பு கெடையாது. ஒவ்வொன்னா ஒரு தட்டு கீழ தள்ளுக்கா."

நான் கடைசித் தட்டிலிருந்து தள்ளிக்கொண்டே வந்தேன். ஐந்தாவது தட்டு காலியானது. லைன் நிற்கவில்லை. டீ குடிக்கும்போது, "காலி எடத்தப் பாத்தா ஏன்க்கா பயப்படற? அது காலியாவே போவட்டும்" என்றாள். அவளைப் பார்க்கவே எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது. பயம் என்பதைவிட, கோயிலில் உயரமான தேரைப் பார்க்கும்போது வருமே, அது.

ஒரு விஷயம் மட்டும் எங்கள் யாருக்கும் பிடிபடவில்லை. வில்லன் யார் என்று சொன்னதற்கு ஸ்டெல்லாவின் டிக்கையெல்லாம் மூடியவள், அண்ணன் சாவதை மட்டும் எதற்காக எடுத்த எடுப்பில் காட்டுகிறாள்? நெட்டில் ஒரு பட்டியல்கூட அப்படிச் சொல்லவில்லை. அந்தப் படத்தை ஆறு சீசனும் முடிந்த பிறகு பார், தப்பித்தவறியும் முன்னால் பார்த்துவிடாதே என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். நானே ஒருநாள் கேட்டேன்.

"ஜெயிக்கிறது தோக்கிறதெல்லாம் லேட்டா தெரிஞ்சுக்கலாம்க்கா. சாவு மட்டும் மொதல்ல தெரிஞ்சிடணும்."

"ஏன்?"

"செத்துடுவான்னு தெரிஞ்சப்புறம்தான் அவன் சிரிக்கறத ஒழுங்கா பாப்ப." அவ்வளவுதான் சொன்னாள். எழுந்துபோய்க் கொடியில் துணி காய்ந்ததா என்று பார்த்தாள்.

அவள் இப்போது எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. மறு வருஷம் கான்ட்ராக்ட் முடிந்து போனாள். கொஞ்ச நாள் கழித்து அவள் நம்பரில் வேறு யாரோ ஓர் ஆள் பேசினார். அந்த அட்டை மூடி மட்டும் என்னிடம் இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் செவ்வாய்க்கிழமைதான் ஞாபகம் வரும்.

அன்று எனக்கு ஏ ஷிப்டு. லைனுக்குப் போகும்போது போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். பத்தரை மணி இருக்கும். சூப்பர்வைசர் வந்து, என்றைக்கும் இல்லாத மெதுவான குரலில், "உங்கப்பாவுக்குக் கொஞ்சம் முடியலயாம்மா. பயப்பட ஒண்ணுமில்ல. நீ ஊருக்குக் கெளம்பு. கேட்ல உன் ரூம்மேட் வந்திருக்கு" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

கேட்டில் அவள் நைட்டிக்கு மேல் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு நின்றாள். சி ஷிப்டு முடித்துவிட்டுத் தூங்கியவள், தலைகூடச் சீவவில்லை. காலடியில் என் பை கட்டித் தயாராக இருந்தது. பக்கத்தில் எச்.ஆர். மேடம். "தைரியமா இரும்மா, அப்பாவுக்குச் சரியாயிடும்" என்றார்.

அவள் செக்யூரிட்டியின் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டாள். "அக்கா, உக்காரு."

"எதுக்குடி? பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"உக்காரு. சொல்றேன்." நான் உட்கார்ந்ததும் என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "அப்பா செத்துட்டாருக்கா. காலைல ஏழு மணிக்கு. பால் சொசைட்டிலேர்ந்து வந்து டீ குடிச்சிக்கினு இருந்தவரு அப்டியே சாஞ்சிட்டாராம். ரொம்ப நேரம் வலி இல்லியாம். உங்க சித்தப்பா எனக்குப் போன் பண்ணாரு. சீரியஸ்னு மட்டும் சொல்லி பஸ் ஏத்தி வுடுன்னாரு. என்னால முடியாது, அதான் சொல்லிட்டேன்."

மேடம்தான் முதலில் சத்தம் போட்டார். "அறிவிருக்கா உனக்கு? இப்படியா போட்டு உடைப்பாங்க? போற வழியில இந்தப் பொண்ணுக்கு ஏதாவது ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

"பஸ் ஏத்தற வரைக்கும் நான் கூடப் போறேன் மேடம்" என்றாள். என் கையை விடவில்லை.

சிங்கப்பெருமாள்கோவில் போகிற ஷேர் ஆட்டோவில் அவளும் என்னோடு ஏறினாள். நான் அழுதேன். பக்கத்தில் இருந்தவர்கள் நகர்ந்து இடம்விட்டார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அப்போது அவள்மேல் ஆத்திரம்தான் வந்தது. ஊர் போய்ச் சேரும் வரையாவது எனக்கு அப்பா இருந்திருப்பாரே! நிறுத்தத்தில் இறங்கியதும் அவள் கையைத் தட்டிவிட்டேன்.

"ஏன்டி சொன்ன? உனக்கு என்ன அவசரம்?"

அவள் பையைக் கீழே வைத்தாள்.

"எங்கம்மா போனப்ப என்கிட்டயும் சீரியஸ்னுதான் சொன்னாங்க. காஞ்சிபுரத்துல பஸ் மாறசொல்ல ஆறு சாத்துக்குடி வாங்கினேன். இனிப்பா கீதான்னு ரெண்டு தபா கேட்டு வாங்கினேன். தெருவுல நொழஞ்சா பந்தல் போட்டுக் கீறாங்க. எல்லாரும் என் கையில கீற பையதான் பாக்கறாங்க. அத்த எங்க வெக்கறதுன்னு தெரியாம அம்மா தல மாட்டுல நின்னுக்கினு கீறேன்." மூக்கைத் துப்பட்டாவில் துடைத்தாள். "அது கூடப் பரவால்லக்கா. நாலு மணி நேரம் பஸ்ல போனேன். டாக்டரு, ட்ரிப்ஸு, எந்த சாமிக்கு இன்னா வேண்டிக்கறதுன்னு அதையே நெனச்சிக்கினு போனேன். எங்கம்மாவ நெனைக்கவேயில்ல. அவ செத்துக் கெடக்கறா, நான் ட்ரிப்ஸ நெனச்சிக்கினு போறேன். நீயாவது உங்கப்பாவ நெனச்சிக்கினு போக்கா."

செங்கல்பட்டு பஸ் வந்தது. என்னை ஏற்றி, ஜன்னல் வழியாகத் தண்ணீர் பாட்டிலைத் தந்தாள். பஸ் கிளம்பியபோது நைட்டியோடு அந்த நெடுஞ்சாலை ஓரத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவள் சுவரில் தொங்கவிட்ட அட்டையின் முதல் கட்டத்தில் கடைசிப் படம் ஏன் இருந்தது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

செங்கல்பட்டில் எங்கள் ஊர்ப் பக்கம் போகும் பெரம்பலூர் பஸ்ஸுக்கு மாறினேன். திண்டிவனம் தாண்டும் வரை அழுதேன். அப்புறம் அப்பா வர ஆரம்பித்தார். டிவியில் எந்தப் படம் போட்டாலும் பெயர் போடும்போதே, "கடைசில இவன்தான் செத்துப்போவான் பாரு" என்று சொல்லி எங்கள் வாயில் விழுகிற அப்பா. பால் அளந்த கையோடு என் கன்னத்தைத் தொட்டு, நான் கத்தினால் இன்னொரு கன்னத்தையும் தொடுகிற அப்பா. ஞாயிற்றுக்கிழமை போனில்கூட, "அந்த மஞ்சக்கோட்டுல கடைசில என்னதான் ஆவுது, சொல்லித் தொலையேன்" என்றார். சொல்லக்கூடாதுப்பா, இங்கே ஒருத்தி அடிப்பாள் என்றேன். "அவ என்ன பெரிய கலெக்டரா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்து சீட்டு அம்மா திரும்பிப் பார்த்தார். விழுப்புரம் போனது தெரியவில்லை. அத்தனை மணி நேரம் என் அப்பாவை நான் வேறு எந்த நாளும் நினைத்ததில்லை.

உளுந்தூர்ப்பேட்டை வரும்போது போன் அடித்தது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் என் தங்கை வனிதா.

"அக்கா, திருச்சி பஸ் ஸ்டாண்ட்ல இருக்கேன். அப்பாவுக்கு எப்படி இருக்காம்? சித்தப்பா ஐ.சி.யூ.ன்னு மட்டும் சொல்றாரு, அதுக்கு மேல பேச மாட்டேங்கிறாரு. ஹார்லிக்ஸ் வாங்கவா, சாத்துக்குடி வாங்கவா? ஐ.சி.யூ.வுல ஜூஸ் குடுக்க விடுவாங்கல்ல?"

எதையாவது ஒன்றை வாங்கு என்று சொன்னால் தீர்ந்தது. அவளும் இன்னும் ஒன்றரை மணி நேரம் நிம்மதியாக வருவாள். அந்தப் போளூர்ப் பெண் இதை எப்படிச் சொன்னாள்? என் கையைப் பிடித்துக்கொண்டு, என் கண்ணைப் பார்த்து, மேடம் திட்டுவதைக் கேட்டுக்கொண்டு எப்படிச் சொன்னாள்?

"வனிதா, உக்கார எடம் இருக்கா பாரு."

"எதுக்குக்கா?"

"உக்காரு. சொல்றேன்."

சொன்னேன். ஏழு மணி, பால் சொசைட்டி, டீ, வலி அதிகம் இல்லை என்பது வரை அதே வரிசையில் சொன்னேன். அந்தப் பக்கம் பஸ்களின் ஹாரன் கேட்டது. அப்புறம், "பழத்த எட போட்டுட்டாங்கக்கா" என்றாள்.

"வேணாம்னு சொல்லு."

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் எனக்கு முன்பே வந்து காத்திருந்தாள். இருவரும் கட்டிக்கொண்டு நின்றோம். எங்களைக் கூட்டிப்போக வந்த சித்தப்பா, தூரத்தில் வரும்போதே முகத்தைச் சரிசெய்துகொள்வது தெரிந்தது. "ஒண்ணுமில்ல கண்ணுங்களா, டாக்டர் பாத்துக்கிட்டு இருக்காரு, மொதல்ல வீட்டுக்குப் போயி ஒரு வாய் காப்பி குடிச்சிட்டு..." என்று ஆரம்பித்தார்.

"தெரியும் சித்தப்பா" என்றாள் வனிதா. "அக்கா சொல்லிட்டா."

சித்தப்பா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். எங்கள் கையைப் பார்த்தார். பழப்பை எதுவும் இல்லை. பிளாட்பாரத் திண்டில் அப்படியே உட்கார்ந்து, தோளில் கிடந்த துண்டை வாயில் அழுத்திக்கொண்டார். காலை ஏழு மணியிலிருந்து போனில் வெளியூர்ச் சொந்தங்களுக்கெல்லாம் அண்ணனுக்கு ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்த மனிதர், தன் அண்ணனுக்காக அப்போதுதான் அழுதார்.